முதலில் சபையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பேச்சுப் பழக என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "டீச்சர், பயம் போக என்ன செய்யணும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "யார் முன்னால பேசப் போறீக?" பாதிப் பேருக்கு அதற்குப் பதில் தெரியாது. தேதி தெரியும், மண்டபம் தெரியும், என்ன புடவை என்பதுவரை முடிவாகியிருக்கும். எதிரே உட்காரப்போகிறவர்கள் யார், எதற்காக வருகிறார்கள் என்று மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள். முன்பின் தெரியாத கூட்டத்தை நினைத்தால் மனம் அஞ்சத்தான் செய்யும். திருக்குறளில் 72-ஆவது அதிகாரம் அவை அறிதல். அவை அஞ்சாமை அதற்கு அடுத்த 73-ஆவது அதிகாரம். நான் சொல்லித்தருவதும் இந்த வரிசையில்தான். அறிதல் முதலில், அஞ்சாமை அதற்குப் பிறகு.

காரைக்குடியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்த பழக்கம், இப்போது பெரியவர்களுக்குச் சொல்லித்தருவதில் வந்து நிற்கிறது. செட்டிநாட்டில் பேச வேண்டிய இடங்களுக்குப் பஞ்சமில்லை. மணிவிழா வாழ்த்து, குடமுழுக்கு வரவேற்புரை, பள்ளி ஆண்டு விழா, சங்கக் கூட்டம், கிராம சபை. 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் கண்ட ஊர் இது. பட்டிமன்றம் இன்றைய உருவத்துக்கு வந்ததில் அந்த மேடைக்கும், நடுவராக அமர்ந்த குன்றக்குடி அடிகளாருக்கும் பெரிய பங்கு உண்டு. பொதுவுடைமைத் தலைவர் ஜீவா ஆசிரமம் நடத்திய சிராவயலும் பக்கத்தில்தான். இவ்வளவு கேட்டுத் தேர்ந்த சபையா என்று இங்கே பலர் மலைக்கிறார்கள். மலைக்க வேண்டாம். நல்ல பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பொறுமையாகக் கேட்கவும் தெரியும். புதிதாக ஒருவர் எழுந்து நின்றால், இவர் நன்றாகப் பேசிவிட வேண்டும் என்றுதான் அவர்கள் மனம் நினைக்கும்.

சரி, சபையை எப்படி அறிவது? அழைத்தவரிடம் கேளுங்கள். யார் யார் வருகிறார்கள், எனக்கு முன்னால் பேசுவது யார், எனக்கு எத்தனை நிமிடம். "நீங்க பாட்டுக்குப் பேசுங்க, நேரமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றால் நம்பாதீர்கள்; நீங்களே ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். முதலில் மேடையில் நின்று பாருங்கள். பிறகு இறங்கிக் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து மேடையைப் பாருங்கள். அங்கே உட்காரப்போகிறவருக்கு உங்கள் முகம் எவ்வளவு தெரியும், குரல் எவ்வளவு எட்டும் என்பது அப்போதுதான் புரியும். வந்து உட்காருகிறவர்களிடம் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள். "எந்த ஊருங்க? மாப்பிள்ளை வீட்டுச் சொந்தமா?" அவ்வளவு போதும். மேடை ஏறும்போது, அங்கே உங்களுக்குத் தெரிந்த முகம் நான்கு இருக்கும்.

வீட்டில் நடக்கும் விசேஷத்துக்கு இன்னொன்று உண்டு. நம் பெரிய வீடுகளில் சுண்ணாம்பு பூசிய சுவர், ஆத்தங்குடிக் கல், கருங்கல் தூண் எல்லாம் ஒலியைத் திருப்பி அனுப்புபவை. வேகமாகப் பேசினால் ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் விழும். ஒவ்வொரு வாக்கியமும் முடிந்ததும் ஒரு மூச்சு விட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரத்தில் ஆச்சிமார் உட்கார்ந்திருப்பார்கள். பேசுகிறவர்கள் எதிரே நாற்காலியில் இருக்கும் ஆண்களை மட்டுமே பார்த்துப் பேசி முடித்துவிடுவதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன். சபை என்றால் தாழ்வாரமும் சேர்த்துத்தான். இடப்பக்கம் ஒரு முகம், வலப்பக்கம் ஒரு முகம், கடைசியில் ஒரு முகம் என்று தேர்ந்துகொண்டு, ஒரு முழு வாக்கியத்தை ஒருவரிடமே சொல்லி முடித்துவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

என்ன நடக்க வேண்டும் என்று பேசுகிறீர்கள்?

பேச்சை எழுத உட்காரும் முன் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதிவிட வேண்டும். கானாடுகாத்தான் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த சுய உதவிக்குழுத் தலைவி ஒருவருக்கு இதைச் சொல்லித்தந்ததை விரிவாகவே எழுதுகிறேன். எந்தப் பேச்சுக்கும் பொருந்தும்.

ஆகஸ்டு 15 கிராம சபையில் ஊருணியைப் பற்றிப் பேச வேண்டும் என்று வந்தார். கையில் நான்கு தாள். நீரின் பெருமை, முன்னோர் ஊருணி வெட்டிய புண்ணியம், மழை பொய்ப்பது, மரம் வளர்ப்பது என்று எழுதியிருந்தார். எல்லாமே உண்மை. மூன்றாம் தாளின் நடுவில், தண்ணீர் வரும் வரத்துக்கால் தூர்ந்து, அதன் மேல் முள்வேலியும் போட்டாயிற்று என்று ஒரு வரி கிடந்தது.

"ஏம்மா, கூட்டம் முடிஞ்சு நீங்க எந்திரிக்கிறப்ப அங்க என்ன நடந்திருக்கணும்?"

"வரத்துக்கால அளந்து தூர்வாரணும்னு தீர்மானம் எழுதியிருக்கணும் டீச்சர்."

அதுதான் பேச்சு. அந்த வரியைத் தாளின் தலையில் எழுதினோம். அதற்கு உதவாததையெல்லாம் எடுத்தோம். நீரின் பெருமையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஊருணித் தண்ணீர் எடுத்துக் குடித்த ஊருக்கு அதன் பெருமையைச் சொல்ல வேண்டியதில்லையே என்றேன், சம்மதித்தார்.

அடுத்தது சபை. கிராம சபையில் அந்த ஊராட்சியின் வாக்காளர்கள் அத்தனை பேரும் உறுப்பினர்கள். தலைவர் இருப்பார், ஊராட்சிச் செயலர் இருப்பார், அரசு அனுப்பிய பற்றாளர் இருப்பார். வேலி போட்டவரும் அதே கூட்டத்தில், பெரும்பாலும் சொந்தக்காரராகவே உட்கார்ந்திருப்பார். அவர் பெயரைச் சொன்னால் கூட்டம் சண்டையாக மாறும், தீர்மானம் வராது. ஆகவே பெயர் வேண்டாம். சர்வே எண்ணும் அளவும் பேசட்டும். வரத்துக்காலின் புலப்பட (நில அளவை வரைபட) நகலை வாங்கிக்கொண்டு, குழுப் பெண்களோடு போய் டேப் வைத்து அளந்து வரச் சொன்னேன். கையில் அளவு வந்ததும் அவர் குரல் மாறியதை நான் நேரில் கேட்டேன். தைரியம் என்பது பெரிதும் இப்படித்தான் வருகிறது.

கடைசியில் அவர் பேசியது ஏறக்குறைய இவ்வளவுதான்:

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஊருணியில மேல்படி முங்கத் தண்ணி நின்னு பாத்தவுக இங்க யாரு யாரு இருக்கீக?" கை உயரும்வரை நின்றார். "மழை குறைஞ்சது மட்டும் காரணமில்ல. பெய்யிற மழையும் உள்ள வந்து சேரல. புலப்படத்துல வரத்துக்கால் எட்டு மீட்டர் அகலம். நாங்க போயி அளந்தோம், பல எடத்துல மூணு மீட்டர்கூட இல்ல. நகல் இந்தா இருக்கு, யாரும் பாக்கலாம். இன்னும் ரெண்டு மாசத்துல ஐப்பசி மழை. அதுக்குள்ள சர்வேயரை வச்சு அளந்து, வரத்துக்காலத் தூர்வாரணும்னு இன்னிக்கே தீர்மானம் எழுதணும். இதைத்தான் கேட்டுக்கிறேன்."

இதில் கேள்வி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வயதானவர்கள் கை தூக்கியதும் ஊருணியைப் பற்றிய பேச்சில் அவர்களும் சேர்ந்துவிட்டார்கள். அதன்பின் அவர் தனியாக நிற்கவில்லை. மேடைத் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசுகிற தமிழே போதும் என்று நான் வற்புறுத்தியதும் இதற்காகத்தான். இரவல் வாங்கிய நடையில் பேசும்போது பாதிக் கவனம் அதைத் தூக்கிப் பிடிப்பதிலேயே போய்விடும்.

அவர்களே, அவர்களே

இதைச் சொல்லாமல் விட முடியாது. நம் மேடைகளில் நேரத்தை அதிகம் தின்பது விளித்தல்தான். மணிவிழாவில் பன்னிரண்டு பேரைப் பெயர் சொல்லி விளித்து முடிப்பதற்குள் சபை களைத்துவிடும். விழா நாயகர் தம்பதி, தலைமை தாங்குபவர் என்று இரண்டு மூன்று பெயர் போதும்; பிறகு "வந்திருக்கும் உறவினர்கள், ஊரார் அனைவருக்கும்" என்று எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரவேற்புரை மட்டும் விலக்கு. அங்கே பெயர் சொல்வதுதான் உங்கள் வேலை, ஒருவரை விட்டாலும் மனம் நோகும். நகரத்தார் பெயர்களுக்கு முன்னால் வரும் எழுத்து வரிசை நீளமானது. ஓர் எழுத்து மாறினால் வேறு வீடாகிவிடும். பட்டியலை விழா வீட்டாரிடம் ஒரு முறை வாய்விட்டு வாசித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"எனக்குப் பேச வராது, தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்ற தொடக்கத்தை என்னிடம் படிப்பவர்கள் யாரையும் சொல்ல விடுவதில்லை. அடக்கம் வேறு. நாலு பேர் நேரம் ஒதுக்கி வந்திருக்கும்போது, நான் தயாராக வரவில்லை என்று அறிவிப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதையும் இல்லை.

பழகும் முறை

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் நழுவினால் பின்னால் வருவது எல்லாம் நழுவும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் நெட்டுருவாக இருக்கட்டும். நடுவில் வருவதை நான்கைந்து சொற்களாக ஒரு கெட்டி அட்டையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மெல்லிய தாள் வேண்டாம், கை நடுங்கினால் தாள் ஊருக்கே சொல்லிவிடும்.

பழகும்போது நின்றுகொண்டு, வாய்விட்டு, கடிகாரம் வைத்துப் பழகுங்கள். மனதுக்குள் வாசித்தால் ஐந்து நிமிடப் பேச்சு மூன்று நிமிடமாகத் தெரியும். கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். "வந்து", "அதாவது", "பாத்தீங்கன்னா" எத்தனை முறை வருகிறது என்று அப்போதுதான் தெரியும். அந்த இடத்தில் எல்லாம் பேசாமல் நிற்கப் பழகுங்கள். நமக்கு நெடுநேரமாகத் தோன்றும் மௌனம் கேட்பவருக்கு ஒரு மூச்சு விடும் நேரம்தான். கண்ணாடி முன்னால் பழகுவதை நான் சொல்வதில்லை. அங்கே நம்மைத்தான் பார்ப்போம். வீட்டில் அப்பத்தாவை உட்கார வைத்துப் பேசிக் காட்டுங்கள். அவர்களுக்குப் புரியாத இடம் சபைக்கும் புரியாது.

மேடை ஏறும் முன் நெஞ்சு படபடப்பதும் நா வறள்வதும் எல்லோருக்கும் வருவதுதான். அட்ரினலின் சுரந்து, உடம்பு தன்னை ஆயத்தம் செய்துகொள்கிறது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். நான்கு எண்ணும்வரை இழுத்தால் ஆறு ஏழு எண்ணும்வரை விடுங்கள். சில சுற்றிலேயே படபடப்பு இறங்கும். பந்தியில் உட்கார்ந்து முழு விருந்தும் சாப்பிட்டுவிட்டு மேடைக்குப் போகாதீர்கள், அடிவயிற்றிலிருந்து மூச்சு எழாது. பேசி முடித்துச் சாப்பிடலாம். தண்ணீர் மட்டும் அவ்வப்போது குடியுங்கள்.

மைக்செட்காரரைத் தெரிந்துவைத்துக்கொள்வது பெரிய உதவி. முன்னதாகவே அவரிடம் கேட்டு ஒரு வரி பேசிப் பாருங்கள். மைக்கைத் தட்டவோ ஊதவோ வேண்டாம். வாயிலிருந்து நான்கு விரல் அகலம் தள்ளி, சற்றுக் கீழே சாய்த்துப் பிடித்தால், 'ப' வரும் இடத்தில் காற்று மோதாது. தலைப்பகுதியைக் கையால் மூடாதீர்கள். பெட்டியிலிருந்து வரும் ஒலியே மறுபடி மைக்குக்குள் புகுந்தால்தான் அந்தக் கீச்சொலி வருகிறது. ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நிற்காதிருந்தால் பெரும்பாலும் வராது. மின்சாரம் போனால் மேடை விளிம்புக்கு வந்து, வேகத்தைக் குறைத்து, பின்வரிசையைப் பார்த்துப் பேசுங்கள்.

நடுவில் மறந்துவிட்டால் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தையே இன்னொரு முறை நிதானமாகச் சொல்லுங்கள். அதற்குள் அட்டையில் அடுத்த சொல் கண்ணில் படும். யாராவது குறுக்கிட்டால் அவர் முடிக்கும்வரை கேளுங்கள். "அண்ணே சொன்னதையும் சேத்துக்கலாம், நான் கேக்கிறது இது ஒண்ணுதான்" என்று உங்கள் ஒற்றை வரிக்குத் திரும்புங்கள்.

நேரத்தைப் பற்றி இந்த ஊரில் நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிப்பதைச் சா. கணேசன் இங்கே ஒரு வழக்கமாகவே ஆக்கி வைத்தார். "இறுதியாக" என்று ஒரு முறைதான் சொல்லலாம். சொல்லிவிட்டால் முடித்துவிட வேண்டும்.

பேசி இறங்கியபின் கேட்டவர்கள் இருவரிடம், "நான் என்ன சொன்னேன்னு நினைக்கிறீக?" என்று கேளுங்கள். நன்றாக இருந்ததா என்று கேட்டால் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். நீங்கள் தாளின் தலையில் எழுதிய வரி அவர்கள் வாயிலிருந்து வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். கிராம சபை என்றால் வேலை இன்னும் முடியவில்லை. தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "ஆவன செய்யப்படும்" என்று மட்டும் இருந்தால் மறுபடி எழுந்து, சர்வே எண்ணையும் அளப்பதையும் தூர்வாருவதையும் பெயர் சொல்லி எழுதக் கேளுங்கள். அந்த அரை நிமிடப் பேச்சையும் வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள்.