சோதிக்கப்படாத வரம்: ஆவிக்குரிய வரங்களில் சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கி.பி. 55ஆம் ஆண்டையொட்டி பவுல் எபேசுவிலிருந்து கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் 12, 13, 14 ஆகிய மூன்று அதிகாரங்கள் ஆவிக்குரிய வரங்களை, அதாவது பரிசுத்த ஆவியானவர் விசுவாசிகளுக்குக் கொடுக்கும் திறன்களை, பற்றியவை. அந்தச் சபையில் வரங்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. யாதொரு வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று நிருபத்தின் தொடக்கத்தில் அவர்களைப் பற்றி எழுதும் பவுல், மூன்றாம் அதிகாரத்துக்குள் அதே மக்களை மாம்சத்துக்குரியவர்கள் என்றும் கிறிஸ்துவுக்குள் குழந்தைகள் என்றும் கண்டிக்கிறார். இன்று நம் சபைகளில் வரங்களைக் குறித்து நேரும் தவறுகளில் பெரும்பாலானவை கொரிந்தியரிடம் ஏற்கெனவே இருந்தவைதான். சபையின் பக்திவிருத்திக்காகக் கொடுக்கப்பட்டு, சபையால் சோதிக்கப்பட வேண்டிய ஒன்றை, ஒரு தனிமனிதரின் உடைமையாகவும் அவருடைய தகுதிச் சான்றாகவும் எடுத்துக்கொள்வதிலிருந்தே அவை ஏறக்குறைய எல்லாம் முளைக்கின்றன.

வரங்கள் ஒன்பது மட்டுமே என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 1 கொரிந்தியர் 12:8-10 வசனங்களில் ஞானத்தைப் போதிக்கும் வசனம் தொடங்கி பாஷைகளை வியாக்கியானம்பண்ணுதல் வரை ஒன்பது வரங்கள் சொல்லப்பட்டிருப்பது உண்மை. ஆனால் அதே அதிகாரத்தின் 28ஆம் வசனம் உதவி ஊழியங்களையும் ஆளுகைகளையும் சேர்த்துச் சொல்கிறது. ரோமர் 12ஆம் அதிகாரம் பகிர்ந்துகொடுத்தலையும் இரக்கஞ்செய்தலையும் புத்திசொல்லுதலையும் வைக்கிறது. பேதுருவோ எல்லாவற்றையும் பேசுகிற வரம், உதவிசெய்கிற வரம் என்று இரண்டே வகைக்குள் அடக்கிவிடுகிறார். ஒரு பட்டியல் மற்றொன்றோடு ஒத்துப்போகாததிலிருந்தே, இவற்றை முழுமையான அட்டவணையாக எவரும் எழுதவில்லை என்பது தெளிவாகிறது. ஒன்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் மேடையில் மைக்கைப் பிடிக்கிறவர்களையே வரம் பெற்றவர்கள் என்று எண்ணுகிறார்கள். சபைக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதிவைக்கிறவரும், அரசு ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாமல் கிடக்கிறவருக்குக் கஞ்சி கொண்டுபோகிற சகோதரியும் ‘எனக்கு வரம் ஒன்றும் இல்லை’ என்று சொல்லிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். தேவ ஆவியினால் நிரப்பப்பட்டார் என்று வேதம் வெளிப்படையாகச் சொல்லும் முதல் மனிதரான பெசலெயேல், பொன்னிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலை செய்த கைவினைஞர் (யாத்திராகமம் 31).

இதையொட்டி, 1970களிலிருந்து அமெரிக்கச் சபைகளில் பரவிய வரங்களைக் கண்டறியும் வினாத்தாள்கள் இங்கும் மொழிபெயர்க்கப்பட்டு முகாம்களில் கொடுக்கப்படுகின்றன. அவற்றால் பெரிய தீங்கு இல்லை. ஆனால் ஒருவர் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைத்தான் அவை காட்டும். ஒருவருக்குப் போதிக்கும் வரம் இருக்கிறதா என்பதை ஞாயிறு பள்ளியில் அவரிடம் ஓர் ஆண்டு படித்த பிள்ளைகள் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

ஆவியின் ஏவுதலால், கற்காத மொழியில் பேசும் அந்நியபாஷையைப் பொறுத்தவரை, அதை எல்லாரிடமும் எதிர்பார்ப்பதும், வராதவர்களை வற்புறுத்துவதும் முதல் தவறு. ‘எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?’ என்று பவுல் கேட்பது, இல்லை என்ற விடையை எதிர்பார்த்தே. அந்நியபாஷையை ஆவியின் அபிஷேகத்துக்கு அடையாளம் என்று போதிக்கும் பெந்தெகொஸ்தே சபையார், அந்த அடையாளம் வேறு, சபைக் கூட்டத்தில் பயன்படும் வரம் வேறு என்று பிரித்துக்காட்டி இவ்வசனத்துக்கு விளக்கம் தருகிறார்கள். அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டாலும்கூட, புதிதாய் வந்த பிள்ளையை முழங்காலில் நிறுத்தி, ஒரே சொல்லை வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, நாக்குக் குழறும் தருணத்தை அபிஷேகம் என்று அறிவிக்கும் பழக்கத்துக்கு அதில் இடமில்லை. அப்படிப் பெற்றதாக அறிவிக்கப்பட்டவர்களில் பலர், தாங்கள் நடித்தோமா என்ற சந்தேகத்தை வெளியே சொல்ல முடியாமல் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்கள். இரண்டாவது தவறு, ஒழுங்கைப் பற்றியது. இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, வியாக்கியானத்தோடு. வியாக்கியானம் பண்ணுகிறவர் இல்லாவிட்டால் சபையில் பேசாமல் தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேச வேண்டும் என்று 14:27-28 சொல்கிறது. ஒலிபெருக்கியின் முன் நின்று நீண்ட நேரம் வியாக்கியானமின்றி அந்நியபாஷையில் ஜெபிக்கும் போதகர், தாம் மதிக்கும் அதிகாரத்தையே மீறுகிறார்.

தமக்குக் கிடைத்த வரத்துக்குத் தாமே பொருள் சொல்லிக்கொள்வதும் ஆபத்தானது. 1906ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அசூசா தெருவில் நடந்த, பெந்தெகொஸ்தே இயக்கம் பரவக் காரணமான கூட்டங்களில் அபிஷேகம் பெற்ற ஆல்ஃபிரட் கார், லில்லியன் கார் தம்பதியர், தங்களுக்குக் கிழக்கு நாடுகளின் மொழிகள் அருளப்பட்டிருப்பதாக நம்பினார்கள். ஆல்ஃபிரட் தாம் பேசியது வங்காள மொழி என்று எண்ணினார். சில மாதங்களில் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தபோது, அவர் பேசியது அங்கிருந்தவர்களுக்குப் புரியவில்லை. கார் தம்பதியர் உடனே ஊர் திரும்பிவிடவும் இல்லை, வங்காளிகளின் விசுவாசக் குறைவே காரணம் என்று பழி போடவும் இல்லை. தங்கள் எண்ணத்தைத் திருத்திக்கொண்டு ஊழியத்தைத் தொடர்ந்தார்கள். அந்தத் திருத்தம் எல்லா இடத்திலும் நடப்பதில்லை.

மிகுந்த சேதம் உண்டாவது தீர்க்கதரிசனத்தில்தான். ‘கர்த்தர் சொல்லுகிறார்’ என்ற இரண்டு சொற்களை முன்னால் வைத்துவிட்டால், கேட்கிறவருக்கு மறுத்துப் பேச வாய் எழுவதில்லை. இந்தப் பையனையே மணந்துகொள், இந்த வேலையை விட்டுவிடு, வெளிநாட்டு விசா இந்த மாதத்துக்குள் வந்துவிடும், உன் வீட்டுக்கு எதிராக இன்னார் செய்வினை வைத்திருக்கிறார் என்பன போன்ற வாக்குகளால் குடும்பங்கள் உடைந்திருக்கின்றன. வாக்கு நிறைவேறாவிட்டால் சொன்னவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. பெற்றவரிடம்தான் பாவம் தேடப்படுகிறது. பவுலின் ஏற்பாடு இதற்கு நேர்மாறானது: தீர்க்கதரிசிகள் இரண்டு பேராவது மூன்று பேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும். அதாவது, தீர்க்கதரிசனம் உரைக்கப்பட்டவுடன் சபையின் வேலை தொடங்குகிறது, முடிந்துவிடுவதில்லை. தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கின்றன என்ற 14ஆம் அதிகாரத்தின் 32ஆம் வசனம், ‘என்னால் அடக்க முடியவில்லை, ஆவியானவர் பேசவைத்துவிட்டார்’ என்ற சாக்கையும் எடுத்துப்போடுகிறது.

நிதானிப்பது எப்படி என்பதற்கு அகபு என்ற தீர்க்கதரிசியின் கதை நல்ல பாடம். அப்போஸ்தலர் 11ஆம் அதிகாரத்தில் அவர் கொடிய பஞ்சம் வரும் என்று அறிவிக்கிறார். அந்தியோகியா சபையார் அதைக் கேட்டுத் திகைத்து நிற்காமல், ஒவ்வொருவரும் தத்தம் திராணிக்கு ஏற்பப் பணம் சேர்த்து யூதேயாவிலிருந்த சகோதரருக்கு அனுப்புகிறார்கள். 21ஆம் அதிகாரத்தில் அதே அகபு செசரியாவில் பவுலின் கச்சையை எடுத்துத் தம் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் இப்படி நடக்கும் என்கிறார். உடனே அங்கிருந்தவர்கள் எல்லாரும் எருசலேமுக்குப் போகவேண்டாம் என்று பவுலை அழுது வேண்டிக்கொள்கிறார்கள். ஆனால் போகவேண்டாம் என்று அகபு சொல்லவே இல்லை. அது கேட்டவர்கள் தங்கள் அன்பினால் சேர்த்துக்கொண்ட முடிவு. பவுல் வாக்கை மறுக்கவில்லை, முடிவை ஏற்கவும் இல்லை, புறப்பட்டுப் போனார். வெளிப்படுத்தப்பட்டது எது, அதற்குச் சொல்லப்படும் பொருள் எது, அதன்பேரில் செய்யச்சொல்லும் காரியம் எது என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தாலே, நம்மிடையே புழங்கும் தனி வாக்குகளில் பாதிக்குமேல் மூன்றாவது வகையைச் சேர்ந்த மனித ஆலோசனை என்பது வெளிப்பட்டுவிடும். ஆலோசனை சொல்வதில் தவறில்லை. அதை ஆலோசனை என்றே சொல்லவேண்டும்.

தேதி குறித்துச் சொல்லும் வாக்குகளுக்குத் தென்னிந்தியாவிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனெரிச் சங்கத்தின் திருச்சபையில் குருவானவரான யூஸ்துஸ் ஜோசப், 1870களில் திருவிதாங்கூரில் எழும்பிய எழுப்புதலில் முன்நின்றவர். 1881ஆம் ஆண்டில் கிறிஸ்து திரும்பிவருவார் என்று அவரைச் சூழ்ந்த கூட்டத்தார் அறிவித்துக் காத்திருந்தார்கள். ஆண்டு கடந்தது, கூட்டம் சிதறிச் சிறுத்தது. ஆயினும் அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகளை இன்றும் சபைகள் பாடுகின்றன. பாட்டு எழுதும் வரம் மெய்யாகவே இருந்த ஒருவர் தீர்க்கதரிசனத்தில் வழுவ முடியும். ஒன்றில் வரம் உடையவர் எல்லாவற்றிலும் நம்பத்தக்கவர் என்று எண்ணுவது அவருக்கும் நல்லதல்ல.

சுகமளிக்கும் வரத்தில் பிழை நேர்ந்தால் உயிர் போகும். கூட்டத்தில் ஜெபித்த அன்றே இன்சுலினை நிறுத்துகிறவரும், வலிப்பு மாத்திரையைக் குப்பையில் போடுகிறவரும் உண்டு. காசநோய்க்கு வழக்கமான மருந்து ஆறு மாதம். சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் தணிந்துவிடுவதால், சுகம் கிடைத்துவிட்டது என்று சாட்சி சொல்லி மாத்திரையை விடுகிறவர் மருந்துக்கு அடங்காத காசநோயைத் தமக்கும் வீட்டாருக்கும் வரவழைக்கக்கூடும். குஷ்டரோகம் நீங்கியவர்களை இயேசு எங்கே அனுப்பினார் என்பதைப் பார்க்கவேண்டும்: ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கும்படி அனுப்பினார். அந்நாளில் குஷ்டம் நீங்கியதா என்று சோதித்து அறிவிக்கும் பொறுப்பு ஆசாரியனுடையது. சுகம் பெற்றதாக நம்புகிறவரை இரத்தப் பரிசோதனைக்கும் மருத்துவரிடமும் அனுப்புவது அவிசுவாசம் என்றால், இந்தக் கட்டளைக்கு என்ன பொருள் சொல்வது? சுகம் வராதபோது நோயாளியின் விசுவாசத்தைக் குறைசொல்வது இன்னும் கொடியது. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார். எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாய்க்குப் போய் மீண்டதைச் சொல்கிறார். கூடவே பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். இவர்களில் ஒருவரையும் விசுவாசக் குறைவுக்காக அவர் கடிந்துகொள்ளவில்லை.

வரத்தைக் குணத்துக்குச் சான்றாக எடுப்பது அடுத்த தவறு. உமது நாமத்தினாலே தீர்க்கதரிசனம் உரைத்தோமே, பிசாசுகளைத் துரத்தினோமே என்று அந்நாளில் சொல்லப்போகிறவர்களிடம் ‘நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை’ என்று கர்த்தர் சொல்லுவார் என்பதை மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் படித்துவிட்டு, ‘வல்லமையாய்ப் பயன்படுகிறாரே, அவர்மேல் எப்படிக் குற்றம் இருக்கும்?’ என்று அடுத்த வீட்டில் கேட்கிறோம். பணமோ பெண்களோ சம்பந்தப்பட்ட புகார் எழும்போது, ‘அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே’ என்ற வாக்கு வாயடைக்கப் பயன்படுகிறது. அந்த வசனம் வருகிற 105ஆம் சங்கீதம், நாடோடிகளாய்த் திரிந்த ஆபிரகாமின் குடும்பத்தை ராஜாக்கள் ஒடுக்காதபடி தேவன் காத்ததைப் பாடுகிறது. அந்த ஆபிரகாம் சாராளைத் தன் சகோதரி என்று சொன்னபோது, கேராரின் ராஜாவான அபிமெலேக்கு அவனை நேருக்கு நேராகக் கண்டித்தான். பேதுருவைப் பவுல் அந்தியோகியாவில் முகமுகமாய் எதிர்த்தார். அடித்து நொறுக்குவதைத்தான் வசனம் தடுக்கிறது. கேள்வி கேட்பதை அது தடுக்கவில்லை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சமாரியாவில் சீமோன் ஆவியானவரைக் கொடுக்கும் அதிகாரத்துக்காகப் பணம் நீட்டியபோது, ‘உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப் போகக்கடவது’ என்று பேதுரு சொன்ன பதில் எல்லாருக்கும் தெரியும். முதலாம் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்ததாகக் கருதப்படும் ‘திதாகே’ என்ற சபை ஒழுங்கு நூல் இதற்கு நடைமுறைச் சட்டமே வைத்திருக்கிறது: ஆவியில் பேசுகிற ஒருவன் எனக்குப் பணம் கொடு என்றால் அவனுக்குச் செவிகொடுக்காதே, குறைவுபட்ட பிறருக்குக் கொடு என்றால் அவனை நியாயந்தீர்க்காதே. ஜெப எண்ணெய்க்கு விலையும், தனி ஜெபத்துக்குக் காணிக்கைத் தொகையும் வைத்திருக்கிற இடங்களில் இந்தச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் போதும்.

இவற்றையெல்லாம் கண்டு சலித்துப்போன சபைகள் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகின்றன. வரங்களில் சில அப்போஸ்தலர் காலத்தோடு ஓய்ந்துவிட்டன என்று அமெரிக்க இறையியலாளர் பெஞ்சமின் வார்ஃபீல்டு 1918இல் விரிவாக வாதிட்டார். அது தீவிரமாக எண்ணிப்பார்க்க வேண்டிய வாதம். ஆனால் நம்மூரில் கேட்கப்படும் மறுப்பு பெரும்பாலும் அந்த வாதம் அல்ல. ‘அதெல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்தது, நம் ஆராதனைக்குப் பொருந்தாது’ என்பதுதான். அசூசா தெருவுக்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன், 1860இல், திருநெல்வேலிப் பகுதியில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் ஊழியத்தில் எழும்பிய எழுப்புதலில் தீர்க்கதரிசனமும் அந்நியபாஷையும் காணப்பட்டதை அவருடைய எழுத்துகளே பதிவுசெய்திருக்கின்றன. மேலும், ஒழுங்கைப் பற்றி அத்தனை கண்டிப்பாக எழுதிய பவுலே 1 கொரிந்தியர் 14ஆம் அதிகாரத்தை முடிக்கும்போது அந்நியபாஷை பேசுவதைத் தடைபண்ண வேண்டாம் என்கிறார். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்பதையும் எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள் என்பதையும் அடுத்தடுத்து வைக்கிறார்.

சோதிக்க விரும்பும் சபைக்கு ஞாயிறு ஆராதனை ஏற்ற இடம் அல்ல. பத்துப் பதினைந்து பேர் கூடும் வீட்டு ஜெபக்கூட்டமே ஏற்றது. அங்கே ஒருவர் சொல்லும் வாக்கை மூப்பர்கள் முன்னிலையில் தேதியோடு எழுதிவைக்கலாம். வேதத்துக்கு ஒத்திருக்கிறதா என்று அந்த வாரத்திலேயே பேசலாம். திருமணம், வேலை, சிகிச்சை, சொத்து ஆகிய நான்கைப் பற்றியும் ஒருவருக்குத் தனியாக வாக்குச் சொல்லக்கூடாது என்று விதி வைக்கலாம். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டை எடுத்து, எது நிறைவேறியது, எது இல்லை என்று வாக்குச் சொன்னவரையும் உடன் உட்காரவைத்துப் படிக்க வேண்டும். அப்படி உட்கார மறுக்கிறவருக்கு அடுத்த கூட்டத்தில் பேச இடம் கொடுக்காதிருப்பது மூப்பர்களின் பொறுப்பு.