பாடத்தைப் பங்கிட்டுப் படிக்கும் முறை

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியரே முழுப் பாடத்தையும் சொல்லி முடிப்பதைவிட, அதைப் பிள்ளைகளிடமே பங்கிட்டுக் கொடுப்பது நல்ல பலன் தருகிறது. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் வகுத்த 'ஜிக்சா' முறை இதுதான்.

தாமிரபரணிப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். நால்வர் குழுவில் ஒருவருக்குப் பொதிகையில் ஆறு பிறக்கும் இடம், அடுத்தவருக்குப் பாபநாசம் அணை, மூன்றாமவருக்கு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, நான்காமவருக்குப் புன்னைக்காயல் முகத்துவாரம் என்று பிரித்துக் கொடுங்கள். ஒரே பகுதியைப் பெற்றவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் எழுந்து வந்து ஒன்றாக அமர்ந்து, பத்து நிமிடம் படித்து, ஐயங்களைத் தீர்த்துக்கொண்ட பிறகே தத்தம் குழுவுக்குத் திரும்பிக் கற்பிக்க வேண்டும். நேரமில்லை என்று இதை விட்டுவிட்டால், தவறாகப் புரிந்துகொண்ட பிள்ளை அந்தத் தவறையே குழுவுக்கும் சொல்லிக்கொடுத்துவிடும். என் வகுப்பில் ஒருமுறை அப்படித்தான், தாமிரபரணியில் சேரும் மணிமுத்தாறு நேரே கடலில் கலப்பதாக ஒரு குழு முழுவதும் எழுதி வைத்தது.

பெஞ்சுகளை நகர்த்த இடமில்லையென்றால், முன்வரிசைப் பிள்ளைகளைப் பின்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னாலே போதும். சத்தம் இருக்கத்தான் செய்யும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் வைக்கும் சிறுதேர்வை மட்டும் ஒவ்வொருவரும் தனியாகவே எழுத வேண்டும்.