ட்வின் கேம் ஹார்லி: கேம் மாற்றிய பின் புஷ்ராட் நீளத்தையும் பிரீலோடையும் சரியாக வைப்பது எப்படி?

ட்வின் கேம் எஞ்சின் உள்ள ஹார்லி மோட்டார்சைக்கிளில் பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் மேடுள்ள தண்டு) போட்டுவிட்டு, அதன் அசைவை வால்வுப் பக்கம் கொண்டுபோகும் பழைய புஷ்ராட் கம்பியையே திரும்ப மாட்டினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடலாம். ஆனால் அது சரியான நீளமா என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும். முதன்முறை செய்பவர்களும் நிதானமாகச் செய்தால் இது கைக்கு வந்துவிடும்.

கேமின் மேல் உட்கார்ந்து புஷ்ராடைத் தள்ளும் துண்டுதான் லிஃப்டர். அதற்குள் மேலும் கீழும் நகரும் ஒரு பிளஞ்சர் இருக்கிறது. அதன் அடியில் ஸ்பிரிங்கும் எண்ணெயும். வால்வ் மூடியிருக்கும்போது புஷ்ராட் அந்தப் பிளஞ்சரை உச்சியிலிருந்து எவ்வளவு தூரம் அமுக்கி வைத்திருக்கிறதோ, அதுதான் பிரீலோட். போதாவிட்டால் டிக் டிக் என்று சத்தம் வரும். மிஞ்சிப்போனால் பிளஞ்சர் அடியில் முட்டி, வால்வ் முழுதாக மூடாது; கம்ப்ரஷன் போய்விடும்.

வால்வை அதிகம் திறக்கும் ஹை லிஃப்ட் கேம்களில் அடிவட்டம் (மேடு இல்லாத வட்டப் பகுதி) சிறியதாக இருப்பதுண்டு. அப்போது லிஃப்டர் கீழே இறங்கும், நீளமான புஷ்ராட் தேவைப்படும். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைச் சீவினாலோ மெல்லிய கேஸ்கெட் போட்டாலோ இதற்கு நேர் எதிர்: அரை மில்லிமீட்டர் சீவினால் பிரீலோட் அதே அரை மில்லிமீட்டர் கூடும்.

வேலை தொடங்கும் முன் இரண்டு விஷயம். எஞ்சின் மாற்றங்களுக்கான சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணைய விதிகளைப் பாருங்கள். இதை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் செய்யாதீர்கள். காக்கி புக்கிட் பக்கம் தெரிந்த வொர்க்‌ஷாப்பில் ஓர் ஓரம் கேட்டு வாங்குங்கள்.

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். அலுமினிய சிலிண்டரும் ஹெட்டும் சூட்டில் மேல்நோக்கி வளரும், பிரீலோட் குறைந்து காட்டும். நம்மூர் வெயிலில், பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் ஊர்ந்து வந்த வண்டி ஆற வெகுநேரம் ஆகும். முதல் நாள் இரவே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, காலையில் தொடங்குவது நல்லது.

முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கி, டாப் கியரில் போட்டு, சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றினால் எஞ்சின் லேசாகச் சுழலும். ஒரு சிலிண்டரின் இன்டேக் லிஃப்டர் ஏறி இறங்கிய பின், பிஸ்டன் மேலே வரும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த சிலிண்டரின் இரண்டு லிஃப்டர்களும் அடிமட்டத்தில் இருக்கும். இது தவறினால் மற்ற எல்லாமே தவறும்.

அடுத்து அட்ஜஸ்டபிள் புஷ்ராடை (நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியது) மாட்டி, மெதுவாக நீட்டுங்கள். விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அந்த ஆட்டம் நிற்கும் புள்ளிதான் சுழியம். புஷ்ராடை விரலால் சுழற்றிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எண்ணெய் பட்ட புஷ்ராட் அழுத்தத்திலும் வழுக்கிக்கொண்டு சுற்றும். சந்தேகம் வந்தால் கொஞ்சம் பின்னால் திருப்பி, ஆட்டம் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி வாருங்கள். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

இனி, சுழியத்திலிருந்து பிரீலோடுக்காக மேலும் நீட்டும் சுற்றுகளை எண்ண வேண்டும். எத்தனை சுற்று என்று நண்பரிடம் கேட்காதீர்கள். அவருடைய புஷ்ராடின் மரை வேறாக இருக்கலாம். உங்கள் லிஃப்டரின் பிளஞ்சர் மொத்தம் 0.200 அங்குலம் நகரும், அதில் பாதி, அதாவது 0.100 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 24 மரை என்றால் 2.4 சுற்று. 32 மரை என்றால் 3.2 சுற்று. 40 மரை என்றால் சரியாக 4 சுற்று. அட்ஜஸ்டரின் ஆறு பட்டைகளை எண்ணினால் துல்லியம் கூடும்: 32 மரையில் ஒரு பட்டைக்கு ஏறக்குறைய 0.005 அங்குலம், ஆக 19 பட்டை. லிஃப்டர் தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. லாக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டர் கூடவே திரும்பாமல் இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதே சிலிண்டரின் இன்னொரு புஷ்ராடையும் இப்படியே வைத்துவிட்டுக் காத்திருங்கள், எஞ்சினைச் சுற்றவே கூடாது. லிஃப்டருக்குள் அடைபட்ட எண்ணெய் கசிந்து வெளியேறும்வரை வால்வ் திறந்தே இருக்கும்; சுற்றினால் பிஸ்டன் அதில் மோதலாம். பத்து நிமிடமும் ஆகலாம், அரை மணி நேரமும் ஆகலாம். இரண்டு புஷ்ராடுகளும் விரலால் தாராளமாகச் சுற்றும்போதுதான் அடுத்த சிலிண்டருக்குப் போக வேண்டும்.

கடற்பாலம் தாண்டி மலேசியாவுக்குள் நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்கு நான் அட்ஜஸ்டபிளைவிட ஒரே துண்டான புஷ்ராடைத்தான் சொல்வேன். தளர்வதற்கு அதில் நட்டே இல்லை. அதற்கு நீளம் தெரிய வேண்டும். சுழியத்திலிருந்து சுற்றுகளை எண்ணியபடியே அட்ஜஸ்டபிளைச் சுருக்கி வெளியே எடுங்கள். மேசையில் அதே எண்ணிக்கை நீட்டி அளங்கள். 150 மி.மீ. கேலிபர் எட்டாது, 300 வேண்டும். அப்புறம் பழைய புஷ்ராடையும் அதே கேலிபரால் அளந்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முனைகளை அளக்கும் முறை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால், அந்த வித்தியாசம்தான் நம்பகமான எண். சுழிய நீளத்தோடு பிரீலோடைக் கூட்டினால் ஆர்டர் செய்ய வேண்டிய நீளம் வந்துவிடும். எக்ஸாஸ்ட் புஷ்ராடின் நீளம் வேறு. அதைத் தனியாக அளக்க வேண்டும்.