வெளியூர் இன்டர்வியூ: பதில்களுக்கு வெளியே நடக்கும் தவறுகள்

கோவை, திருப்பூர் பக்கம் விசைத்தறி ஓடும் சோமனூரிலோ பல்லடத்திலோ வீட்டில் உட்கார்ந்து பெங்களூரு கம்பெனிக்கு வீடியோவில் இன்டர்வியூ கொடுப்பவர்களுக்கு முதல் எதிரி தறிச் சத்தம். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியதால் நம் காதில் அது விழுவதே இல்லை. எதிர்முனையில் இருப்பவருக்கோ அதுதான் முதலில் கேட்கும். ஜூம், மீட், டீம்ஸ் மூன்றிலும் இரைச்சலைக் குறைக்கும் வசதி உண்டு. மின்விசிறிச் சத்தம் என்றால் அது வடிகட்டிவிடும். தறி அளவுக்குப் போனால் இரைச்சலோடு சேர்த்து நம் சொற்களையும் கத்தரித்துவிடும். பேசுவது துண்டு துண்டாகப் போய்ச் சேரும். லேப்டாப்பில் இருக்கும் மைக்கை நம்பாமல் வயர் உள்ள இயர்போனைப் போட்டு, மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும்படி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஞாயிற்றுக்கிழமை நண்பரை அழைத்துப் பேசிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் கேக்குதுங்க" என்று திருப்தியாகிவிட வேண்டாம். பல இடங்களில் அன்றைக்குத் தறி ஓடாது. இன்டர்வியூ எந்த நேரமோ, வேலைநாளில் அதே நேரத்தில் சோதிக்க வேண்டும். சரிவரவில்லை என்றால் டவுனில் இருக்கும் சொந்தக்காரர் வீடோ, படித்த கல்லூரியின் பிளேஸ்மென்ட் அறையோ கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது கரண்ட். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 4 அல்லது 5 வரை நீடிக்கும். முந்தின நாள் பேப்பரில் பட்டியல் வரும். மின்வாரிய இணையதளத்திலும் பார்க்கலாம். அந்தப் பட்டியல் துணை மின் நிலையத்தின் பெயரில்தான் இருக்கும். பலர் தலைப்பில் தங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் பார்த்து, இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். உங்கள் ஊருக்கு எந்தத் துணை மின் நிலையத்திலிருந்து லைன் வருகிறது என்பதை லைன்மேனிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் எப்போதும் உதவும். தேதி மோதுகிறது என்று தெரிந்தால் முந்தின நாளே எச்ஆருக்கு மெயில் அனுப்பி வேறு நேரம் கேளுங்கள். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் போட்டுச் சொன்னால் அது சாக்குப்போக்காகவே படும்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும்: வைஃபை பெட்டி செருகியிருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா? பல வீடுகளில் லைட்டும் ஃபேனும் மட்டும்தான் அதில் இருக்கும். உள்ளூர் கேபிள்காரர் கொடுத்த இணைப்பு என்றால் அவருடைய பெட்டி இருக்கும் தெருவில் கரண்ட் போனாலும் இணைப்பு போய்விடும். அப்போது கை கொடுப்பது மொபைல் டேட்டா. ஆனால் ஊரே அதே நேரத்தில் மொபைலுக்கு மாறுவதால் வேகம் படுத்துவிடும். வீடியோ தடுமாறினால் தயங்காமல் அனுமதி கேட்டு கேமராவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் தொடரலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒரு மணி நேர வீடியோ அழைப்புக்கு ஏறக்குறைய 1 ஜிபி செலவாகும். நாளுக்கு 1.5 ஜிபி கிடைக்கும் பேக்கில் காலையிலேயே ரீல்ஸ் பார்த்துத் தீர்த்துவிட்டால் மதியம் 64 கேபிபிஎஸ் வேகத்தில் முகம்கூடத் தெரியாது. இரண்டு சிம் உள்ள போனில் ஹாட்ஸ்பாட் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு சிம்மில் அழைப்பு வந்து எடுத்தால், பெரும்பாலான போன்களில் மற்ற சிம்மின் டேட்டா நின்றுபோகும். அந்த ஒரு மணி நேரத்துக்கு டேட்டா இல்லாத சிம்மை அணைத்து வையுங்கள்.

வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்கட்டும், கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும். லேப்டாப்புக்கு அடியில் நாலு புத்தகம் போதும். திரையைப் பகிரச் சொல்லும் முன் வாட்ஸ்அப் வெப்பை மூடிவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. எதிரில் இருப்பவர் பேசப் பேச "ஆமாங்க", "சரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பது நமக்கு மரியாதை. ஆங்கிலத்தில் அது "யெஸ் சார், யெஸ் சார்" ஆகிவிடும். நேரில் இதில் குற்றமில்லை. வீடியோவில் எதிரொலியைத் தடுக்கும் மென்பொருள் இரண்டு குரல் சேர்ந்து வந்தால் ஒன்றை அமுக்கிவிடும். உங்கள் "யெஸ் சார்" போய்ச் சேரும் நொடியில் கேள்வியின் நடுப்பகுதி விழுங்கப்பட்டிருக்கும். அரைக் கேள்விக்கு முழுப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். தலையை அசைத்தால் போதும். கேள்வி முடிந்தபின் ஒரு நொடி விட்டுப் பேசுங்கள்.

வெளிநாட்டுக் கம்பெனி என்றால் நம் ஆட்கள் பலர் நேரத்தில் ஏமாறுவார்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். நியூயார்க் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும், மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை மணி நேரமும் பின்னால் இருக்கும். மெயிலில் இந்திய நேரம் என்று குறிப்பிடவில்லை என்றால் கேட்டுவிடுவது நல்லது.

நேரில் வரச் சொன்னால் கதையே வேறு. ரயிலில் தட்கல் (கடைசி நேர முன்பதிவு) இருக்கிறது என்ற தைரியத்தில் டிக்கெட்டைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. பயணத்துக்கு முந்தின நாள் ஏசிக்குக் காலை 10 மணிக்கும், படுக்கை வகுப்புக்கு 11 மணிக்கும் தட்கல் திறக்கும். 2025 ஜூலை முதல் ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருந்தால்தான் எடுக்க முடியும், அதை 9.55க்கு நினைத்துப் பார்த்துப் பயனில்லை. சார்ட் போட்ட பிறகும் காத்திருப்புப் பட்டியலிலேயே நின்ற ஆன்லைன் டிக்கெட் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்து ஏறக் கூடாது. ஆர்ஏசி என்றால் ஏறலாம், உட்கார்ந்து போக இடம் உண்டு.

ஸ்டேஷன் பெயரையும் பார்த்து எடுங்கள். கேரளத்திலிருந்து வரும் சில ரயில்கள் கோவை சந்திப்புக்குள் வராமல் போத்தனூர், இருகூர் வழியே போய்விடும். பெங்களூருவில் இறங்கும் இடம் அதைவிட முக்கியம். சேலம், ஜோலார்பேட்டை வழியாகப் போகும் ரயில்கள் கிருஷ்ணராஜபுரம் வழியாகத்தான் நகருக்குள் நுழையும். வைட்ஃபீல்டில் இன்டர்வியூ என்றால் கிருஷ்ணராஜபுரத்திலேயே இறங்கி மெட்ரோ பிடிக்கலாம். வந்தே பாரத் தர்மபுரி, ஓசூர் வழியாகப் போவதால் அந்த வசதி இருக்காது. பஸ்ஸில் ஓசூர் வழியாகப் போகிறவர்களுக்கு எலக்ட்ரானிக் சிட்டி நகருக்கு முன்பே வந்துவிடும். நகர நடுவில் இருக்கும் மெஜஸ்டிக் வரை போய்த் திரும்பினால் காலை நெரிசலில் இரண்டு மணி நேரம் போச்சு. மைசூருக்குச் சத்தியமங்கலம் வழியே போக நினைப்பவர்கள் திம்பம் மலைப்பாதையின் இரவுத் தடையைக் கணக்கில் வைக்க வேண்டும். சென்னைக்கு சேலம், விழுப்புரம் வழியாகப் போகும் பஸ்கள் கோயம்பேட்டுக்குப் பதிலாகக் கிளாம்பாக்கத்தில் நின்றுவிடும். சிறுசேரிக்கு அது நல்லது, அம்பத்தூருக்கு அலைச்சல்.

காலை 9.30க்கு இன்டர்வியூ இருக்கையில் 7 மணிக்கு வந்து சேரும் வண்டியில் போவது சூதாட்டம். முந்தின நாளே போய்ச் சேர முடியாதவர்கள் ஸ்டேஷனிலேயே குளித்துக் கிளம்ப ஓய்வறை எடுக்கலாம். உறுதியான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி மூலம் முன்பதிவு செய்யலாம். சான்றிதழ் ஃபைலை ஆம்னி பஸ்ஸின் டிக்கியில் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அசலைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது.

அந்த ஃபைலைத் திறந்து பெயரைப் பாருங்கள். மார்க் ஷீட்டில் "கார்த்திகேயன் பெ", ஆதாரில் "கார்த்திகேயன் பெரியசாமி", பான் கார்டில் அப்பா பெயர் முன்னால் என்று மூன்று விதமாக இருக்கும். விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கேட்கும் கட்டத்தில் ஒருமுறை இனிஷியலும் மறுமுறை அப்பா பெயரும் போட்டால், பின்னால் பின்னணிச் சரிபார்ப்பில் வேலை உத்தரவு வாரக்கணக்கில் தொங்கும். ஆதாரில் உள்ளபடி எல்லா விண்ணப்பத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். மார்க் ஷீட்டில் வேறு மாதிரி இருந்தால் முதலிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

"இங்கே வந்து தங்கி வேலை பார்ப்பீர்களா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று இழுத்தால் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அம்மா, அப்பாவிடம் பேச வேண்டியதை டிக்கெட் எடுக்கும் முன்பே பேசி முடியுங்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில். சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துக் கணக்குப் போடாதீர்கள். கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) பெரும்பாலும் அந்தத் தொகைக்குள்ளேயே இருக்கும். கையில் எவ்வளவு வரும் என்று நேராகக் கேட்கலாம்.

இன்டர்வியூவுக்குப் பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று யாராவது ஜிபே எண் அனுப்பினால் அது மோசடி. பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். சில கம்பெனிகள் போக்குவரத்துச் செலவைத் திருப்பித் தரும். எந்த வகுப்பு வரை, ஒருவழியா இருவழியா என்று கிளம்பும் முன் மெயிலில் கேட்டு வாங்கி, டிக்கெட்டைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பல கணக்குப் பிரிவுகள் ஏற்பதில்லை.