மனைப்பிரிவு வரைபடத்திலேயே கார்பனைக் குறைப்பது எப்படி

வீட்டை எப்போது வேண்டுமானாலும் இடித்துக் கட்டலாம். தெருவின் போக்கை மாற்ற முடியாது. ஒரு குடியிருப்பு எவ்வளவு பெட்ரோலும் மின்சாரமும் குடிக்கும் என்பதில் பெரும்பங்கு, மனை அளந்து கல் நடும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. சூரியத் தகடும் மரக்கன்றும் பிறகும் வரலாம். முட்டுச்சந்தைப் பிறகு திறக்க வழியில்லை, அதன் முனையில் யாரோ ஒருவரின் வீடு நிற்கும். ஆகவே வேலையை இடம், தெரு, மனையின் திசை, மண்வேலை, சாலை என்ற வரிசையில் எடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இடம்

பேருந்து ஏற்கெனவே ஓடும் சாலையை ஒட்டிய நிலம்தான் முதல் தேர்வு. ஊருக்கு 10 கி.மீ. வெளியே மலிவாகக் கிடைத்த நிலத்தில் எத்தனை ‘பசுமை வீடு’ கட்டினாலும் கணக்கு உதைக்கும். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் ஒரு கார் தினம் 20 கி.மீ., ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 400 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 920 கிலோ கார்பன் டை ஆக்சைடு, அதுவும் ஒரே வீட்டிலிருந்து. வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு உறிஞ்சுவது சில பத்து கிலோதான். வாசலில் இரண்டு மரம் நட்டு இதை ஈடுகட்ட முடியாது.

தெருவலை

நூறு மீட்டருக்கு ஒரு குறுக்குத் தெரு என்று கட்டம் போட்டால் ஒரு சதுர கி.மீ.க்கு 20 கி.மீ. தெருவும் சுமார் 100 நாற்சந்தியும் கிடைக்கும். ஐ.நா. வாழ்விட அமைப்பு கேட்பது சதுர கி.மீ.க்குக் குறைந்தது 18 கி.மீ. தெரு, நிலத்தில் 30 சதவீதம் தெருவுக்கு, 15,000 மக்கள். 30 சதவீதமா என்று மலைக்க வேண்டாம்: 20 கி.மீ. தெருவை 15 மீட்டர் சராசரி அகலத்தில் போட்டாலே அது வந்துவிடும். தெரு நிறைய வேண்டும், ஒவ்வொன்றும் ஒடுக்கமாக வேண்டும். வழக்கமாகச் செய்வது இதற்கு நேரெதிர்: நடுவில் அகலமான ஒரே சாலை, இருபுறமும் முட்டுச்சந்துகள்.

வரைபடத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. பேருந்து நிறுத்தத்தை மையமாக வைத்து 400 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். ஐந்து நிமிட நடை, 50 ஹெக்டேர். பிறகு தெரு வழியாகவே 400 மீட்டர் அளந்து, எட்டிய முனைகளை இணையுங்கள். சீரான கட்டத் தெருவில் இது சாய்சதுரமாக 32 ஹெக்டேர் வரும். உங்கள் வரைபடத்தில் 30 வந்தால் நல்லது. 15-க்குக் கீழே போனால் வரைபடத்தைத் திரும்பப் போடுங்கள், ஏனென்றால் பக்கத்துத் தெருவில் உள்ள கடைக்கும் ஆட்கள் வண்டியை எடுப்பார்கள்.

நிலத்தின் வடிவத்தால் முட்டுச்சந்து தவிர்க்க முடியாததானால், அதன் முனையில் 3 மீட்டர் அகலத்தில் நடைவழி விடுங்கள். இங்கேதான் பெரும்பாலும் சறுக்கும். பக்கத்து வீட்டார் ஒரு நாள் கதவு போட்டுப் பூட்டிவிடுவார்கள். நடைவழியைப் பூங்கா ஒதுக்கீட்டில் சேர்க்காமல் பொதுத் தெருவாகவே ஆவணத்தில் எழுதுங்கள். நேராக இருக்கட்டும், ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரிய வேண்டும். விளக்கும் பக்கத்து வீட்டு ஜன்னலும் அதைப் பார்த்து இருக்க வேண்டும்.

உட்தெருவுக்கு 12 மீட்டர் போதும்: வண்டிப்பாதை 6 மீட்டர், இருபுறமும் மரவரிசைக்கு 1.2, நடைபாதைக்கு 1.8 மீட்டர். தீயணைப்பு வண்டிக்கான உள்ளூர் விதியை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தெருமுனைத் திருப்பத்தில் ஓரக்கல் வளைவின் ஆரத்தை 4 மீட்டருக்குள் வைத்தால் வண்டிகள் தாமாகவே வேகம் குறைக்கும்; வேகத்தடை போட்டு, பிரேக்கும் ஆக்சிலரேட்டருமாக எரிபொருளை வீணடிக்க வேண்டியதில்லை.

கடை மனையை நட்டநடுவில் வைப்பது பார்க்க அழகு. ஆனால் முந்நூறு வீட்டை மட்டும் நம்பிக் கடை நிற்காது. நிறுத்தத்துக்கு அருகே, வெளிச்சாலையைப் பார்த்து, சிறுசிறு மனைகளாக ஒதுக்குங்கள். முதலில் குடியேறும் வீடுகளும் அங்கேயே தொடங்கட்டும். பேருந்து இல்லாமல் குடிவந்தவர் வண்டி வாங்கிவிடுவார். பிறகு பேருந்து வந்தாலும் அதை விற்க மாட்டார். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரிலுள்ள வோபான் குடியிருப்பில் கார் நிறுத்தத்தை வீட்டு வாசலிலிருந்து பிரித்து ஓரத்து அடுக்குக் கட்டடங்களில் வைத்தார்கள், இடத்துக்குத் தனி விலை. கார் வரை நடக்க வேண்டிய தூரமும் டிராம் வரை நடக்கும் தூரமும் ஏறத்தாழ ஒன்றானால், ஆட்கள் டிராமை யோசிப்பார்கள்.

மனையின் திசை

வெப்பப் பகுதிகளில் குளிர்சாதனச் செலவைப் பெரிதும் கூட்டுவது கிழக்கு, மேற்கு ஜன்னல்கள். தாழ்ந்து வரும் வெயிலை எந்தச் சன்ஷேடாலும் தடுக்க முடியாது. ஆகவே பெரும்பாலான தெருக்களைக் கிழக்கு மேற்காக, 15 டிகிரி பிசகுக்குள் ஓட விடுங்கள். வீடுகள் வடக்கு, தெற்கு பார்க்கும். ஆனால் மனையின் ஆழம் அகலத்தைவிட அதிகம் என்பதால், தனித்தனி வீடானால் நீளச் சுவர்கள் கிழக்கும் மேற்கும் பார்த்து நிற்கும், திசை பார்த்ததன் பலன் பாதி போய்விடும். பொதுச்சுவர் வைத்த ஒட்டு வீடுகளே இதற்கு மருந்து. வெயில் படும் சுவர் வரிசையின் இரு கோடிகளில் மட்டும்தான் மிஞ்சும். அங்கே மரம் வையுங்கள்.

மண்வேலை

ஒரு ஹெக்டேரை 50 செ.மீ. உயர்த்த 5,000 கனமீட்டர் இறுகிய மண் வேண்டும். தளர்வாக ஏற்றும்போது கால் பங்கு கூடி 6,250. பத்து கனமீட்டர் டிப்பரில் 625 நடை. போய்வர 40 கி.மீ., லிட்டருக்கு 4 கி.மீ. என்றால் 6,250 லிட்டர் டீசல், கிட்டத்தட்ட 17 டன் கார்பன் டை ஆக்சைடு. பொக்லைனும் ரோலரும் இதில் சேரவில்லை. எனவே நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சம உயரக் கோடுகளை 0.5 மீட்டர் உயர இடைவெளியில் அளந்த பிறகே தெரு வரையுங்கள். வெட்டும் மண்ணும் நிரப்பும் மண்ணும் உள்ளேயே சரியாகட்டும். தாழ்ந்த பகுதியை நிரப்பாமல் பூங்காவாகவும் மழைநீர் தேங்கும் இடமாகவும் விட்டால் மண்ணும் மிச்சம், வெள்ளமும் குறையும்.

மேல்மண் 15 முதல் 20 செ.மீ. வரை முதலில் வழித்து, 2 மீட்டருக்கு மேல் உயராத குவியலாகத் தனியே வையுங்கள். உயரமாகக் குவித்தால் அடியில் காற்றில்லாமல் கெட்டுவிடும். மரவரிசைக்கு இதே மண்தான் வேண்டும்.

சாலையும் குழாய்களும்

கான்கிரீட் சாலையில் அகலத்தை ஒரு மீட்டர் குறைத்தால், 15 செ.மீ. கனத்தில், கி.மீ.க்கு 150 கனமீட்டர் மிச்சம். கனமீட்டருக்கு 300 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தாலும் 45 டன். சிமெண்டில் பாதிக்கு இரும்பாலைக் கசடுத்தூள் சேர்த்தால் மேலும் கணிசமாகக் குறையும். ஆனால் அந்தக் கான்கிரீட் மெதுவாகத்தான் வலுப்பெறும். ஏழு நாளில் டிப்பரை ஓட்டினால் மேற்பரப்பு பொடியாகும். கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருக்கும் வேலையை (க்யூரிங்) பதினான்கு நாளாவது நீட்டி, அதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

குடிநீர்க் குழாய் வண்டிப்பாதை ஓரத்தில், கேபிள் நடைபாதைக்கு அடியில், மரவரிசைக்கு அடியில் எதுவுமில்லை. குறுக்குவெட்டுப் படத்தில் இதைக் காட்டாவிட்டால், தோண்ட வசதியான மண் என்று கேபிள் போடுபவர் மரவரிசையில்தான் இறங்குவார்.

கழிவுநீர் சரிவிலேயே ஓடும்படி தெருவை அமைத்தால் பம்பு தேவைப்படாது. பொதுவாகவே, தினமும் ஆள் நின்று பார்க்க வேண்டிய இயந்திரத்தைக் கூடியவரை தவிருங்கள். 2002-ல் லண்டனில் கட்டிய பெட்ஸெட் குடியிருப்பில் மரச்சீவல் எரித்து மின்சாரமும் வெந்நீரும் தந்த நிலையம் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. எரிவாயுக் கொதிகலனுக்கு மாற வேண்டியிருந்தது. அதே குடியிருப்பின் தடித்த காப்புச் சுவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.