விடை சரி, வழி தப்பு: விகிதமுறு கோவையைச் சுருக்கும்போது

சத்துவாச்சாரியோ காட்பாடியோ, எந்த டியூஷனில் பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டைப் புரட்டினாலும் இது கண்ணில் படும். மேலும் கீழும் பல்லுறுப்புக் கோவை நிற்கும் பின்னம்தான் விகிதமுறு கோவை. புத்தகத்தில் எக்ஸ் இருக்கும் இடத்தில் இங்கே ப என்று வைத்துக்கொள்வோம்.

(ப² − 9) / (ப + 3)

மேலே ப², கீழே ப, அடித்தால் ப. மேலே 9, கீழே 3, அடித்தால் 3. நடுவில் கழித்தல் குறி. விடை ப − 3. கேட்டால், "சரியாத்தானே சார் வந்துக்குது, இன்னா தப்பு?"

விடை சரிதான், வில்லங்கமே அதுதான். 16/64-இல் இரண்டு 6-களையும் அடித்தால்கூட 1/4 என்று சரியாக வரும். அதை நம்பி 17/74-இல் 7-களை அடிக்க முடியுமா? மேலே உள்ள கணக்கில் குறியை மட்டும் மாற்றுங்கள்: (ப² + 9) / (ப + 3). பழகிய கை தயங்காமல் ப + 3 என்று எழுதும். ப-க்கு 1 போட்டால் கேட்ட கோவை 10/4, அதாவது 2.5, எழுதிய விடையோ 4. ப² + 9 மெய்யெண்களில் காரணிப்படாது. இந்தக் கோவை சுருங்காது, அப்படியே விட வேண்டியதுதான்.

இப்படி எண் போட்டுச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். 0 மட்டும் போடாதீர்கள். இதே கணக்கில் 0 போட்டால் இரண்டு பக்கமும் 3 வரும், தப்பு தெரியாமலே போய்விடும்.

அடிக்கத் தகுந்தது காரணி, அதாவது பெருக்கலில் நிற்பது, மட்டும். கூட்டலிலும் கழித்தலிலும் நிற்கும் உறுப்பை அடிக்கக் கூடாது. முதல் கணக்கில் தொகுதியை (ப + 3)(ப − 3) என்று எழுதிய பிறகு, ப + 3 என்ற அடைப்பு முழுசாகப் போகிறது. உள்ளே இருக்கும் ப-வையும் 3-ஐயும் தனித்தனியாகத் தொடக் கூடாது.

காரணிப்படுத்தத் தெரிந்தவர்களும் கடைசி வரியில் சறுக்குவார்கள். (ப² + 5ப + 6) / (ப² − 4) என்பதை அழகாகப் பிரித்து, ப + 2-ஐ நீக்கி, (ப + 3) / (ப − 2) வரை வந்துவிடுவார்கள். பேனா அங்கே நிற்காது. மிச்சமிருக்கும் ப-க்களையும் அடித்து −3/2 என்று முடிப்பார்கள். முந்தைய வரியிலேயே கணக்கு முடிந்துவிட்டது.

(5 − ப) / (ப² − 25) வந்தால் 5 − ப-வை −(ப − 5) என்று திருப்பி எழுதுங்கள். விடை −1 / (ப + 5). அந்தக் குறியை விடுபவர்கள் ஒரு பக்கம். மேலே எல்லாம் போய்விட்டதே என்று 0 எழுதுபவர்கள் இன்னொரு பக்கம். அடித்த இடத்தில் மிஞ்சுவது 1.

இதே கணக்கில் ப = 5 போட்டால் கேட்ட கோவை 0/0, பொருளற்றது; சுருக்கிய விடையோ −1/10 என்று சாதாரணமாக நிற்கும். விலக்கப்பட்ட மதிப்பை, அதாவது கோவையைப் பொருளற்றதாக்கும் ப-வின் மதிப்பை, மிகச் சுருங்கிய வடிவத்தில் பார்க்கச் சொல்கிறது நம் பத்தாம் வகுப்புப் பாடநூல். ஆகவே பொதுத்தேர்வில் −5 மட்டும் எழுதினால் போதும். ஆனாலும் மூலக் கோவைக்கு 5-உம் ஆகாது என்று நோட்டின் ஓரத்தில் குறித்து வையுங்கள். பதினொன்றாம் வகுப்பில் எல்லைகள் பாடம் தொடங்கும்போது அந்த 0/0-ஐ வைத்துத்தான் முதல் கணக்குகளே வரும்.