மீம் மெர்ஜ் கேம்: பதினோராவது முகம் வரை போவது எப்படி, நடுவில் நிறுத்துவது எப்படி

மேலே ஒரு மீம் முகம் தொங்குகிறது. விரலால் இடம் வலம் நகர்த்தி விட்டால் கீழே டப்பாவுக்குள் விழும். அதே முகம் அங்கே இன்னொன்று இருந்து இரண்டும் தொட்டுக்கொண்டால், இரண்டும் மறைந்து அடுத்த பெரிய முகம் 'டொப்' என்று முளைக்கும். இதுதான் மெர்ஜ். குவியல் மேல்கோட்டைத் தாண்டி நின்றால் ஆட்டம் முடிந்தது. விதிகள் இவ்வளவே. கற்றுக்கொள்ளப் பத்து விநாடி போதும்; போனைக் கீழே வைக்கத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது.

நன்றாக ஆடுவதற்குத் தெரிய வேண்டியதும், இது ஏன் ஆளை விடமாட்டேன் என்கிறது என்பதற்கான காரணமும் ஒரே கணக்குக்குள் இருக்கின்றன. அந்தக் கணக்கு மூன்றாவது படியில் வருகிறது. அவசரமாக இருந்தால் நேராக அங்கே போய்விடுங்கள்.

இந்த வகையின் மூதாதைகள் இரண்டு. ஒரே எண்ணுள்ள கட்டைகளைச் சேர்த்து ஆடும் 2048 ஒன்று, 2014 மார்ச்சில் கேப்ரியேலே சிருல்லி வெளியிட்டது. அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தே இருந்ததால், எண்களை எடுத்துவிட்டு, மீம்களில் புகழ்பெற்ற டோஜ் நாயின் படங்களைப் போட்ட பதிப்பும் வந்தது. மீம் மெர்ஜ் என்ற எண்ணம் அப்போதே பிறந்துவிட்டது எனலாம். மற்றது ஜப்பானின் சூய்கா கேம். முதலில் வீட்டு புரொஜெக்டருக்காகச் செய்யப்பட்டு, 2021 டிசம்பரில் நின்டென்டோ சுவிட்சுக்கு வந்து, 2023-இல் நேரலையில் ஆடுபவர்களால் உலகம் முழுக்கப் பரவியது. செர்ரியில் தொடங்கித் தர்பூசணியில் முடியும் பதினோரு பழங்கள். இன்று கைபேசியில் கிடைக்கும் மீம் மெர்ஜ் கேம்களில் பெரும்பாலானவை அந்தப் பழங்களின் மேல் வேறு முகங்களை ஒட்டியவைதான்.

படி 1: இறக்கியதும் மூன்று சோதனைகள்

ஒரே கேம் பல பெயர்களில் கிடைக்கும். எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய ஐந்து நிமிடம் போதும்.

முதல் ஆட்டத்தில் ஜெயிப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், மேலிருந்து எத்தனை வகை முகங்கள் விழுகின்றன என்று மட்டும் எண்ணுங்கள். சூய்காவில் பதினொன்றில் சிறிய ஐந்துதான் விழும். மீதியை நாம்தான் உண்டாக்க வேண்டும். சில நகல்களில் மூன்றுதான் விழும். அப்படிப்பட்டதில் ஆட்டம் இரண்டரை மடங்குக்கும் மேல் நீளும்.

அடுத்து, நான்கைந்து முகங்களைப் போட்டுவிட்டு ஆப்பை முழுதாக மூடித் திறந்து பாருங்கள். விட்ட இடத்திலேயே இருந்தால் நல்லது. காலியான டப்பா வந்தால் அதை அழித்துவிடலாம். ஏன் என்பது கடைசிப் படியில் புரியும்.

மூன்றாவதாக, ஏரோப்ளேன் மோடில் ஓடுகிறதா என்று பாருங்கள். டப்பாவுக்குள் உருண்டை போடும் விளையாட்டுக்கு இணையம் எதற்கு? தொடர்பு எண்களையோ இருப்பிடத்தையோ அனுமதி கேட்டால் யோசிக்கவே வேண்டாம், வேறொன்றைத் தேடுங்கள்.

படி 2: வரிசையை மனப்பாடம் செய்யுங்கள்

பழ விளையாட்டில் இந்த வேலையே இல்லை. செர்ரி சிறியது, தர்பூசணி பெரியது என்பது குழந்தைக்கும் தெரியும். மீம்களுக்கு அப்படி இயற்கையான வரிசை கிடையாது. மூன்று கால்களில் ஷூ போட்ட சுறா த்ராலலேரோ த்ராலலா பெரியதா, கையில் கட்டையோடு நிற்கும் துங் துங் துங் சாஹூர் பெரியதா? கேம் செய்தவர் வைத்ததுதான் சட்டம்.

புதிதாக ஆடுபவர்கள் தோற்பதற்கு இது பெரிய காரணம். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல், கையில் இருப்பதற்கு ஜோடி தேடுவதோடு நின்றுவிடுகிறார்கள். திரையின் ஓரத்தில் வட்டமாகவோ வரிசையாகவோ எல்லா முகங்களும் சின்னதாக இருக்கும். அதைப் பார்த்து 1 முதல் 11 வரை மனத்தில் எண் கொடுத்துவிடுங்கள். "சுறா" என்று நினைக்காமல் "நாலு" என்று நினைக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

இன்னும் எட்டாத முகங்களைச் சில கேம்கள் கறுப்பு நிழலாகக் காட்டும். ஆர்வத்தைத் தூண்டுவதற்கான தந்திரம் அது. கூடவே, ஒவ்வொரு மெர்ஜுக்கும் அந்த மீமின் குரலோ ஓசையோ ஒலிக்கும். ஏற்கெனவே சிரித்து ரசித்த முகம் என்பதால் அறிமுகமே தேவைப்படாமல் மனம் ஒட்டிக்கொள்கிறது. ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள், ஈர்ப்பில் எவ்வளவு அந்த ஓசையில் இருந்தது என்று தெரிந்துவிடும்.

படி 3: அந்தக் கணக்கு

இரண்டு 1 சேர்ந்தால் ஒரு 2. இரண்டு 2 சேர்ந்தால் ஒரு 3. அதாவது ஒரு 3-க்கு நான்கு 1 வேண்டும், ஒரு 4-க்கு எட்டு. இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால், 11-க்கு 1,024 முகங்கள். (2048 விளையாட்டிலும் இதே எண்தான்: 2 முதல் 2048 வரை பதினோரு கட்டைகள், கடைசிக் கட்டைக்கு 1,024 இரண்டுகள்.)

நல்ல வேளையாக, மேலிருந்து 1 மட்டும் விழுவதில்லை. 1 முதல் 5 வரை சம வாய்ப்பில் விழுவதாக வைத்துக்கொண்டால் அவற்றின் மதிப்பு 1, 2, 4, 8, 16. சராசரி 6.2. ஆக 1,024-ஐ 6.2-ஆல் வகுத்தால் சுமார் 165 முறை போட வேண்டும். ஒன்றைப் போட மூன்று விநாடி என்றால் எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். மூன்றே வகை விழும் நகலில் சராசரி 2.33 ஆகிவிடுவதால் கிட்டத்தட்ட 440 முறை, அதாவது 22 நிமிடம். எதுவும் வீணாகாமல் ஆடினால்தான் இந்தக் கணக்கு. நிஜத்தில் இன்னும் கூடும்.

இனிதான் விஷயம். டப்பாவில் 10-ஆம் முகம் ஒன்று வந்துவிட்டது. பக்கத்தில் உள்ள வரிசைப் படத்தைப் பார்த்தால் பதினொன்றில் பத்து முடிந்தாயிற்று, இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கணக்கில் பார்த்தால் 512 முடிந்து 512 மீதம். சரியாகப் பாதி வழி! இன்னொரு 10-ஐ முதலிலிருந்து கட்ட வேண்டும், அதுவும் முதல் 10 டப்பாவின் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது. முதல் பாதியை விட இரண்டாம் பாதி கடினம். ஆனால் கண்ணுக்கு மட்டும் "இதோ வந்துவிட்டது" என்று தெரியும்.

எல்லா நிலையிலும் இந்த மயக்கம் இருக்கிறது. நாம் எப்போதும் கடைசிப் படிக்கு ஒரு படி கீழே நிற்பது போலவும், தோற்றது ஒரு நூலிழையில் என்பது போலவும் தோன்றும். கூடவே, அடுத்து எது விழும் என்பது அதிர்ஷ்டம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகப் புறாக்கள் ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்ததை உளவியலாளர் ஸ்கின்னர் தன் ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார். இங்கே தானியத்துக்குப் பதில் மீம் முகம்.

படி 4: படிக்கட்டு கட்டுங்கள்

உத்தி என்று உண்மையில் இருப்பது இது ஒன்றுதான். பெரியதை ஒரு மூலையில் வையுங்கள், அதிலிருந்து இறங்குவரிசையில் மறுபக்கம் வரை அடுக்குங்கள். இடதா வலதா என்பது உங்கள் விருப்பம், ஆனால் ஆட்டம் முழுக்க ஒரே பக்கம்.

ஓர் உதாரணம். தரையில் இடமிருந்து வலமாக 8, 7, 6, 5 ஒன்றையொன்று தொட்டபடி நிற்கின்றன. கையில் ஒரு 5 வருகிறது. அதைத் தரையிலுள்ள 5-இன் மேல், சற்றே இடப்புறமாக விடுங்கள். இரண்டு 5 சேர்ந்து 6 ஆகிறது. புதிதாக முளைத்த 6, பக்கத்திலிருந்த 6-ஐத் தொடுகிறது, 7 ஆகிறது. அது 7-ஐத் தொட்டு 8, அது மூலையிலிருந்த 8-ஐத் தொட்டு 9. நான்கு முகங்கள் நின்ற இடத்தில் ஒரே ஒரு முகம், வலப்புறம் முழுக்கக் காலி.

மதிப்பெண்ணும் பாருங்கள். சூய்கா வழியில் புள்ளிகள் 1, 3, 6, 10, 15, 21, 28, 36, 45, 55, 66 என்று முக்கோண எண்களாக ஏறும். இந்த ஒரே விரல் அசைவுக்கு 15 + 21 + 28 + 36, மொத்தம் 100. படிக்கட்டு இல்லாமல் எங்கோ தனியாகக் கிடந்த 5-இன் மேல் அதே 5-ஐப் போட்டிருந்தால் வெறும் 15.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரு குட்டி 1. இரண்டு 7-களுக்கு நடுவே ஒரு 1 உருண்டு போய் ஆப்பு மாதிரி மாட்டிக்கொள்ளும். அவை தொடாது, மெர்ஜும் ஆகாது. அதனால் சிறியவற்றைக் கையில் வந்தவுடன் கண்ட இடத்தில் போடாமல், படிக்கட்டின் தாழ்ந்த மூலையில் மட்டும் சேர்த்து வையுங்கள். மேலே ஓரத்தில் 'அடுத்தது' என்று காட்டும் முகத்தையும் சேர்த்தே யோசியுங்கள்: கையில் 2, அடுத்தது 1, தாழ்ந்த மூலையில் ஏற்கெனவே ஒரு 1 கிடக்கிறது. முதலில் 2-ஐ அந்த 1-இன் மேல் போட்டால் 1 மூடிக்கொள்ளும். 2-ஐப் பக்கத்தில் வைத்து, அடுத்த 1-ஐ 1-இன் மேல் விட்டால் அவை 2 ஆகி, அந்த 2-உடன் சேர்ந்து 3 ஆகிவிடும்.

இன்னொரு தவறு அவசரம். ஒன்று விழுந்து உருண்டு நிற்பதற்குள் அடுத்ததை விடுவது. முழுக்க அடங்கட்டும். இந்த விளையாட்டில் பெரும்பாலும் கடிகாரமே இல்லை, துரத்துவது நம் விரல்தான்.

படி 5: படத்தை நம்ப வேண்டாம்

மீம் பதிப்புக்கே உரிய தொல்லை இது. பழம் உருண்டை, பார்க்கும் வடிவமும் மோதும் வடிவமும் ஒன்று. குண்டு வீசும் விமான உடம்போடு இருக்கும் முதலை பொம்பார்தீரோ உருண்டையா? படத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் இருக்கும், மோதுவது அந்த வட்டம்தான். இறக்கைகள் வட்டத்துக்கு வெளியே நீண்டிருந்தால் இரண்டு முதலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பது போலத் தெரிந்தும் மெர்ஜ் ஆகாது. படம் வட்டத்தைவிடச் சிறியதாக இருந்தால் நடுவே இடைவெளி தெரியும், ஆனால் எதுவும் நுழையாது. சில பதிப்புகளில் படத்தின் ஓரத்தையே மோதும் வடிவமாக வைத்திருப்பார்கள். அங்கே கோணல்மாணலாகக் கொக்கி போட்டு நிற்கும், உருளாது.

உங்கள் பதிப்பு எந்த ரகம் என்று அறிய, ஓரங்கள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முகத்தைக் காலி டப்பாவின் சுவரை ஒட்டி விடுங்கள். இறக்கை சுவருக்குள் புதைந்தால் வட்டம். சுவரில் முட்டி நின்றால் ஓரம்.

படி 6: குவியல் மேல்கோட்டை நெருங்கிவிட்டால்

பதற்றத்தில் உயரமான பக்கத்திலேயே போட்டுத் தள்ளுவது வழக்கம். வேண்டாம். பல பதிப்புகளில் கோட்டைத் தொட்டவுடன் ஆட்டம் முடியாது. முகம் கோட்டுக்கு மேலே சில நொடிகள் நின்றால்தான் முடியும். அந்த நேரத்துக்குள் கீழே ஒரு மெர்ஜ் நடந்தால் குவியல் இறங்கிவிடும்.

எதை மெர்ஜ் செய்வது? பெரிய ஜோடியைத் தேடாதீர்கள், மாட்டிக்கொண்டிருக்கும் சிறியவற்றுக்கு வழி திறக்கும் ஜோடியைத் தேடுங்கள். ஒன்று கவனம்: புதிய முகம் முளைக்கும்போது அக்கம்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு விரியும். கோட்டுக்கு அருகில் அது நடந்தால், தள்ளப்பட்டது மேலே எகிறிப் போய் உங்களைத் தோற்கடிக்கவும் கூடும்.

படி 7: விளம்பரமும் பணமும்

'குலுக்கு', 'சின்னதையெல்லாம் நீக்கு', 'உயிர் கொடு' என்று பொத்தான்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளம்பரம் பார்க்க வேண்டும், அல்லது காசு. பழகும்வரை மூன்றையும் தொடாதீர்கள். படிக்கட்டு பழகுவதற்குத் தோற்பது அவசியம். குலுக்கு பொத்தான் ஒழுங்காக அடுக்கியதையும் கலைத்துவிடும் என்பதால், அடுக்கு ஏற்கெனவே நாறிப்போயிருந்தால் மட்டுமே பயன். குழந்தைகள் கையில் போகும் போன் என்றால், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி ஆப் ஸ்டோரிலோ பிளே ஸ்டோரிலோ முதலிலேயே மாற்றிவையுங்கள்.

படி 8: நிறுத்தும் இடம்

"இந்த ஆட்டம் முடிந்ததும் வைத்துவிடுகிறேன்" என்பதுதான் எல்லோரும் போடும் திட்டம். இருப்பதிலேயே மோசமான திட்டமும் அதுதான். ஆட்டம் முடியும் திரையில் குவியல் அப்படியே உறைந்து நிற்கும். இரண்டு 9-கள் விரல் அகல இடைவெளியில் தெரியும், நடுவே ஒரு குட்டி 1. கீழே பெரிதாக 'மீண்டும்' பொத்தான். அந்த நொடியில் போனை வைக்கும் மனிதர் அபூர்வம்.

ஆகவே ஆட்டத்தின் நடுவில், ஒரு பெரிய தொடர் மெர்ஜ் முடிந்து டப்பா பாதிக்கு மேல் காலியாக இருக்கும்போது வெளியேறுங்கள். துரத்தும் அவசரம் எதுவும் அப்போது திரையில் இருக்காது. விட்ட இடம் பத்திரமாக இருக்கிறதா என்று முதல் படியில் சோதித்தது இதற்காகத்தான். முடிக்காத வேலை மனத்தைக் கொஞ்சம் அரிக்கத்தான் செய்யும். உறைந்த திரையின் முன் தோற்ற எரிச்சலைவிட அது எவ்வளவோ சுலபம்.

போனையே காவலுக்கு வைக்கவும் முடியும். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியில், ஐபோனில் ஸ்கிரீன் டைம் பகுதியில், குறிப்பிட்ட ஆப்புக்கு நாள் ஒன்றுக்கு இத்தனை நிமிடம் என்று எல்லை போடலாம். ஐந்து வகை விழும் கேம் என்றால் 20 நிமிடம் வையுங்கள், இரண்டு முழு ஆட்டம் நடக்கும். மூன்று வகை விழும் கேமுக்கு அதே 20 நிமிடம் ஒரு 11-க்குக்கூட எட்டாது, நேரம் முடியும்போதெல்லாம் 10-இல் நின்று எரிச்சல்தான் மிஞ்சும். அங்கே 30 நிமிடமாக வைத்து ஒரே ஆட்டம் ஆடுங்கள், அல்லது அந்த ஆப்பையே மாற்றிவிடுங்கள்.